கோடை லீவுல லைப்ரரிக்கு வர்ற பசங்க கையில புத்தகத்தோட வீட்டுக்குப் போகணும்னா

லீவு நெருங்க நெருங்க குழந்தைகள் பிரிவைப் பாத்துக்கிற நூலகர்கள் எல்லாருக்கும் மண்டையில ஓடற கேள்வி ஒண்ணுதான், இந்த வருஷம் என்ன நிகழ்ச்சி வைக்கலாம். மேஜிக் ஷோ, ஓவியப் போட்டி, மாறுவேஷம், கிராஃப்ட்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சுடுவோம். லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை முடிவு பண்ணிக்குங்க. நிகழ்ச்சி எதுவா வேணா இருக்கட்டும், அது முடிஞ்ச அடுத்த பத்து நிமிஷம் ஷெல்ஃப் முன்னாடி கழியணும், பசங்க தானே பாத்து தானே எடுத்த புத்தகத்தோட வெளிய போகணும். அதுக்கு உதவாத நிகழ்ச்சி எவ்ளோ கைதட்டல் வாங்கினாலும் அதை வேற எங்க வேணா நடத்திக்கலாம், லைப்ரரியிலதான் நடத்தணும்னு இல்ல.

"தானே எடுத்த"ன்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நீண்ட லீவுல பசங்க படிச்சதை மறந்துடறாங்கன்னு ரொம்ப நாளா பேசிட்டு இருக்காங்க, 1996ல ஹாரிஸ் கூப்பரும் கூட இருந்தவங்களும் பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்துட்டு சராசரியா ஒரு மாசப் படிப்பு அளவுக்கு பின்தங்கறாங்கன்னு எழுதினாங்க, வாசிப்புல வசதியான வீட்டுப் பசங்க நிக்கறாங்க அல்லது கொஞ்சம் ஏறுறாங்க, வசதி இல்லாத வீட்டுப் பசங்கதான் இறங்கறாங்கன்னும் அதுல வந்துச்சு. இந்த இறக்கம் எவ்ளோங்கறதுல பின்னாடி வந்த ஆய்வாளர்கள் நடுவுல கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாப் படறது 2010ல ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃப்ரான்சன் குழு வெளியிட்டது. ஏழைக் குடும்பத்துப் பசங்க நிறைய இருக்கற ஆரம்பப் பள்ளிகள்ல, லீவுக்கு முன்னாடி பசங்களையே தேர்ந்தெடுக்க விட்டு ஆளுக்கு 12 புத்தகம் கொடுத்தாங்க, இப்படி மூணு கோடை தொடர்ந்து. கூட ஒரு வகுப்பும் எடுக்கல. கொடுக்காத பசங்களைவிட இவங்க வாசிப்புத் தேர்வுல மேல வந்தாங்க. புத்தகமும் தேர்வு பண்ற உரிமையும், ரெண்டுமே நம்ம லைப்ரரியில ஏற்கெனவே இருக்கறதுதான்.

திட்டம் போடும்போது

முதல்ல காலண்டரை எடுத்து லீவுல எத்தனை வாரம்னு எண்ணுங்க. முதல் வாரம் பதிவுக்கு, கடைசி வாரம் முடிச்சு வைக்கறதுக்கு, நடுவுல இருக்கறதுதான் நிகழ்ச்சிக்கு. வாரத்துக்கு ஒரே நாள், ஒரே நேரம், அதை மாத்தவே மாத்தாதீங்க. திறப்பு விழாவைப் பெருசா பண்ணி அதோட மூச்சு வாங்கி நிக்கறதைவிட சின்னதா வாராவாரம் நடக்கறது பல மடங்கு நல்லது, ஏன்னா எடுத்துட்டுப் போன புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்து அடுத்ததை எடுக்கற பழக்கம் வாராவாரம் வந்தாத்தான் ஒட்டும்.

வயசு பிரிக்கறதுல கொஞ்சம் கறாரா இருங்க. மூணு வயசுக்குள்ள இருக்கறதுங்களுக்கு அம்மா அப்பா மடியில உக்காந்து பாட்டும் கதையுமா இருபது நிமிஷம் போதும், அதுக்கு மேல இழுத்தா அழுகைதான். நாலுல இருந்து ஆறு வரைக்கும் அரை மணி. ஏழுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஒண்ணா வெச்சா ஏழு வயசுக்காரன் வாயே திறக்க மாட்டான், பன்னெண்டு வயசுக்காரி அடுத்த வாரம் வரமாட்டா, அதனால முடிஞ்சா ரெண்டாப் பிரிங்க. பதின்ம வயசுக்காரங்களுக்குத் தனி ஏற்பாடு, அது கீழ வருது.

பதிவு பண்ற படிவத்துல பேரு, வயசு, பெற்றோர் நம்பர் தவிர மத்ததெல்லாம் தூக்கிடுங்க. எந்த ஸ்கூல், எத்தனாவது ரேங்க்னு எல்லாம் நமக்கு எதுக்கு. அதுக்குப் பதிலா குழந்தைகிட்டயே மூணு கேள்வி கேட்டு கார்டுல எழுதிக்குங்க: சமீபத்துல உனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, படம், கேம் ஏதாவது சொல்லு, எது போர் அடிக்கும், வீட்ல உனக்கு யாரு படிச்சுக் காட்டுவாங்க. மூணாவது கேள்விக்கு "யாரும் இல்ல"ன்னு பதில் வந்தா அந்தக் கார்டை தனியா எடுத்து வையுங்க, அந்தக் குழந்தைக்குத்தான் நம்ம நேரம் அதிகமா போகணும். ஃபோட்டோ எடுத்துப் போடறதா இருந்தா பெற்றோர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு மட்டும்.

எண்ணிக்கை, பரிசு, போட்டி

இதுல நிறைய பேரு என்னோட ஒத்துப்போக மாட்டாங்க, ஆனாலும் சொல்றேன். "யாரு அதிகம் புத்தகம் படிக்கறாங்களோ அவங்களுக்கு முதல் பரிசு"ன்னு அறிவிக்காதீங்க. அறிவிச்ச மறுநாளே மெலிசான புத்தகம் எல்லாம் ஷெல்ஃப்ல காலியாகும், முந்நூறு பக்கக் கதையை மூணு வாரமா ரசிச்சு ரசிச்சுப் படிக்கற குழந்தை கடைசியில நிக்கும், தடுமாறித் தடுமாறிப் படிக்கற குழந்தை ரெண்டாவது வாரத்துலயே சார்ட்ல தன் பேருக்கு நேரா இருக்கற ஒத்தை ஸ்டாரைப் பாத்துட்டு வரவே வராது. நாம யாருக்காக இதை ஆரம்பிச்சோமோ அந்தக் குழந்தையைத்தான் முதல்ல இழக்கறோம்.

1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூணு பேரும் நர்சரிப் பசங்களை வெச்சு ஒண்ணு பண்ணிப் பாத்தாங்க. படம் வரையறதுல ஏற்கெனவே ஆசை இருக்கற பசங்கதான். ஒரு பகுதிப் பசங்ககிட்ட வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொன்னாங்க, இன்னொரு பகுதிக்கு சொல்லாம திடீர்னு கொடுத்தாங்க, மிச்சப் பேருக்கு எதுவும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விளையாட விட்டப்ப, முன்னாடியே வாக்குக் கொடுத்து வரைய வெச்ச பசங்கதான் பேனாவைத் தொடறதே குறைஞ்சு போயிருந்துச்சு. ஆசையாப் பண்ற ஒரு வேலைக்கு கூலி பேசிட்டா அப்புறம் கூலி இல்லாம அதைப் பண்ணத் தோணாது.

அப்ப பரிசே கூடாதான்னா, கொடுக்கலாம், ஆனா எல்லாருக்கும் எட்டற மாதிரி ஒரே கோடு போட்டுட்டுக் கொடுங்க. பிரிட்டன்ல 1999ல ஆரம்பிச்ச, ரீடிங் ஏஜென்சிங்கற அமைப்பு நடத்தற சம்மர் ரீடிங் சேலஞ்ச்ல கோடை முழுக்க ஆறு புத்தகம்தான் கணக்குன்னு வெச்சாங்க, முடிச்ச அத்தனை பேருக்கும் மெடல், சான்றிதழ். முதல் இடம் ரெண்டாம் இடம் கிடையாது. நம்ம இடத்துல இன்னும் ஒரு படி மேல போய் கோட்டை குழந்தையே போட விடலாம், "இந்த லீவுல நீ எவ்ளோ படிக்கலாம்னு நினைக்கிறே"ன்னு கேட்டு அதையே கார்டுல எழுதிடுங்க, ரெண்டுன்னு சொன்னாலும் சரின்னு எழுதுங்க. முடிச்சவங்களுக்குக் கொடுக்கற பரிசும் புத்தகமாவே இருக்கட்டும், ஒரு பெட்டி நிறைய வெச்சு அவங்களே எடுத்துக்கறாப்ல.

கணக்குல எதெல்லாம் சேரும்ங்கறதை முதல் நாளே பெருசா எழுதி ஒட்டிடுங்க. காமிக்ஸ் சேரும், படிச்சதையே திரும்பப் படிச்சா சேரும், ஆடியோ புக் சேரும், பாட்டி படிச்சுக் காட்டினது சேரும், தம்பிக்கு இவ படிச்சுக் காட்டினா ரெண்டு பேருக்கும் சேரும், எந்த மொழியில படிச்சாலும் சேரும், பாதியில பிடிக்காம வெச்சது கூட "ஏன் பிடிக்கல"ன்னு ஒரு வரி சொன்னா சேரும். இந்தக் கடைசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு புத்தகத்தைக் கீழ வைக்கத் தெரிஞ்ச குழந்தைதான் தனக்கு எது வேணும்னு தேட ஆரம்பிக்கும்.

கதை படிச்சுக் காட்டறது

வேற எதுவுமே நடத்த ஆள் இல்லை, இடம் இல்லைன்னாலும் இதை மட்டும் விடாதீங்க. கதை படிக்கறதுக்கு திறமை வேணும்னு பயந்துக்கறவங்களுக்கு, பயிற்சி போதும். முந்தின நாள் வாய்விட்டு ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க, எங்க நாக்கு இடறுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு, எந்தப் பக்கத்தைப் புரட்டறதுக்கு முன்னாடி நிறுத்தணுமோ அங்க ஒரு சின்ன ஒட்டுத்தாள்.

உக்கார்ற விதத்துலயே பாதி வேலை முடிஞ்சுடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா வெளிச்சம் பசங்க கண்ணுல அடிச்சு புத்தகம் இருட்டாத் தெரியும், அதனால பசங்க முதுகுப் பக்கம் ஜன்னல் வர்ற மாதிரி பாயைப் போடுங்க. நீங்க தாழ்ந்த நாற்காலி, அவங்க தரை. புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்காம தோள் பக்கத்துல ஒரு கையால கீழ பிடிச்சுக்குங்க, படம் அவங்க பக்கம், வரிகளை நீங்க ஓரக்கண்ணால படிக்கலாம், ரெண்டு தடவை ஒத்திகை பாத்திருந்தா பாதி வரி மனசுலயே இருக்கும். ஓரத்துல உக்காந்திருக்கற குழந்தைக்கும் தெரியற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவா இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் காட்டுங்க. நாம நினைக்கறதை விட பாதி வேகத்துல படிக்கணும், படம் பாக்கற கண்ணுக்கு நேரம் வேணும் இல்லையா.

சின்னப் பசங்களுக்கு படிக்கும்போது பேச்சும் கலந்து போகணும். குரோவர் வைட்ஹர்ஸ்டும் கூட இருந்தவங்களும் 1988ல எழுதின உரையாடல் வாசிப்பு முறையோட சாரம் இதுதான், பெரியவங்க படிக்க குழந்தை சும்மா கேக்கறதைத் திருப்பிப் போட்டு, குழந்தை கதை சொல்ல பெரியவங்க கேட்டுக்கிட்டே எடுத்துக் கொடுத்துட்டே வரணும். "நாய் எங்க இருக்கு"ன்னு கேட்டா விரலை நீட்டிடும், அவ்ளோதான். "நாய் ஏன் கட்டிலுக்கு அடியில போயிருக்கு"ன்னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, அந்த அஞ்சு எண்ணிக்கைக்குள்ள நாமளே பதிலைச் சொல்லிடறோம், அதுதான் தப்பாப் போகுது. "பயம்"னு ஒரு வார்த்தை வந்தா "ஆமா, இடி சத்தத்துக்கு பயந்து போய் ஒளிஞ்சுக்கிச்சு"ன்னு நீட்டிக் கொடுங்க. அதுக்காக பக்கத்துக்கு பக்கம் கேள்வி கேட்டு பரீட்சையாக்கிடாதீங்க, முதல் தடவை படிக்கறப்ப கதை ஓடட்டும், மறுவாரம் அதையே திரும்பப் படிக்கறப்ப கேளுங்க. திரும்பப் படிச்சா போர் அடிக்கும்னு நமக்குத்தான் தோணும், அவங்களுக்கு இல்ல.

எட்டு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு நீளமான கதையோட முதல் அத்தியாயத்தை மட்டும் படிச்சுட்டு மூடிடுங்க. "அப்புறம்?"னு கத்துவாங்க. அந்தக் கதை ரெண்டு மூணு பிரதியாவது இருக்கணும், அதே மாதிரி சுவையுள்ள வேற பத்துப் பதினஞ்சு புத்தகம் பக்கத்து மேசையில அட்டை தெரிய நிக்கணும், ஏன்னா எல்லாருக்கும் அந்த ஒண்ணே கிடைக்காது, ஏமாந்து நிக்கற குழந்தைக்கு அந்த நிமிஷமே வேற ஒண்ணு காட்டத் தெரியணும்.

ஷெல்ஃப் முன்னாடி அந்தப் பத்து நிமிஷம்

சீர்காழியில பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல எழுதின நூலக அறிவியலோட ஐந்து விதிகள்ல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், மூணாவது ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தேர்வுக்கு மனப்பாடம் பண்ணினது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். குழந்தைகள் பிரிவுல இந்த ரெண்டையும் கண்ணால பாக்கலாம். நெருக்கமா முதுகு மட்டும் தெரிய அடுக்கின ஷெல்ஃப் முன்னாடி ஒரு ஏழு வயசுக் குழந்தையை நிக்க வெச்சுப் பாருங்க, கழுத்தைச் சாய்ச்சு ஒண்ணு ரெண்டு பேரைப் படிக்கும், ஒண்ணை இழுக்கும், இழுத்தா பக்கத்துல இருக்கறது சேந்து வரும், சட்னு உள்ள தள்ளிட்டு கிளம்பிடும். அதனால லீவு நேரத்துல ஷெல்ஃபை முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க, மிச்ச இடத்துல அட்டையை முன்னாடி காட்டி நிறுத்துங்க, காலியாகக் காலியாக அடுத்ததை வையுங்க. "இது காட்சிக்கு மட்டும்"னு எதையும் வைக்கவே கூடாது.

அடுத்தது பேச்சு. "எனக்குப் படிக்கவே பிடிக்காது"ன்னு நேரா சொல்ற பையன் வருவான், அவனுக்கு புத்தகத்தோட நன்மை பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க.

"சரிப்பா, வீட்ல சும்மா இருந்தா என்ன பண்ணுவே?"

"யூடியூப்ல பாம்பு வீடியோ பாப்பேன்."

"எந்தப் பாம்பு?"

"ராஜநாகம். அது மத்த பாம்பைத் தின்னும் தெரியுமாக்கா?"

வேலை முடிஞ்சுது. புத்தகங்களைப் பொருள்வாரியா எண் போட்டு அடுக்கற டியூயி வரிசையில 597.96க்கு கூட்டிட்டுப் போங்க, பாம்பெல்லாம் அங்கதான். மூணு புத்தகம் எடுத்துக் கையில கொடுங்க, ஒண்ணு படம் நிறைய, ஒண்ணு கொஞ்சம் விவரமா, ஒண்ணு பாம்பு வர்ற கதை. கொடுத்துட்டு நகந்துடுங்க. பக்கத்துலயே நின்னா நமக்காக ஒண்ணை எடுப்பான். "பிடிக்கலைன்னா அப்படியே கொண்டு வா, வேற பாக்கலாம்"னு மட்டும் சொல்லி அனுப்புங்க. கதைப் புத்தகம்தான் வாசிப்புன்னு ஒரு எண்ணம் நமக்கே உண்டு, ஆனா தகவல் புத்தகம், புதிர், உலக சாதனைப் பட்டியல், இதுல நுழைஞ்சு வாசகரா ஆனவங்க ரொம்பப் பேரு.

கஷ்டமா இருக்குமோன்னு பாக்கறதுக்கு ஐந்து விரல் கணக்கு உதவும், ஒரு பக்கம் படிக்கச் சொல்லி தெரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்க, அஞ்சும் மடங்கிட்டா தனியாப் படிக்கக் கடினம். அது குழந்தைக்கு ஒரு உதவி அவ்ளோதான், அதை வெச்சு "இது உனக்கு வேண்டாம்"னு பிடுங்கி வைக்காதீங்க, ஆசைப்பட்டு எடுத்தா வீட்ல யாராவது படிச்சுக் காட்டட்டும்.

பெற்றோர் பக்கம் இருந்து வர்ற எதிர்ப்பு பெரும்பாலும் "இதெல்லாம் ஒரு புக்கா, காமிக்ஸ்"ங்கறதுதான். குழந்தை முன்னாடி வாதாடாதீங்க. அம்மாவைத் தனியாக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டுங்க, படத்துல முகத்தைப் பாத்து மனசைப் புரிஞ்சுக்கணும், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு தானே யோசிக்கணும், இதுவும் வாசிப்புதான்னு சொல்லுங்க. "அவன் எடுக்கறது அவனுக்கு, நீங்க விரும்பறது ஒண்ணும் கூட எடுத்துட்டுப் போய் ராத்திரி நீங்க படிச்சுக் காட்டுங்க"ன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் மனசு ஆறும்.

அப்புறம் தாமதக் கட்டணம். அதுக்குப் பயந்து புத்தகமே எடுக்க விடாத வீடுகள் உண்டு. சிகாகோ பொது நூலகம் 2019லயும் நியூயார்க் பொது நூலகம் 2021லயும் தாமதக் கட்டணத்தையே எடுத்துட்டாங்க. நம்மால விதியை மாத்த முடியாட்டியும், லீவு முடியற வரைக்கும் குழந்தைகள் புத்தகத்துக்கு மட்டும் விலக்கு கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

வேற என்ன நடத்தலாம்

காமிஷிபாய் பண்ணிப் பாருங்க, ஜப்பான்ல 1930கள்ல சைக்கிள்ல மரச்சட்டம் கட்டிட்டு வந்து தெருவுல காட்டின படக்கதை, முன்னாடி படம், பின்னாடி வசனம். அட்டைப்பெட்டியில ஜன்னல் வெட்டினா சட்டம் ரெடி, படங்களை பத்து வயசுப் பசங்களே வரைஞ்சு சின்னவங்களுக்குக் காட்டட்டும். நாட்டார் கதைகள் டியூயி எண் 398.2ல வரிசையா நிக்குது, எந்தக் கதையைப் படமாக்கறதுங்கறதை அங்க போய் அவங்களே தேடட்டும். புதையல் வேட்டையும் நல்லா போகும், ஒரு எண்ணைக் கொடுத்து அந்த ஷெல்ஃப்ல அடுத்த குறிப்பு, டைனோசர்ல ஆரம்பிச்சு விண்வெளியில முடியற மாதிரி. வகைப்பாடு பத்தி ஒரு மணி நேரம் பேசினா மண்டையில ஏறாதது இதுல அரை மணியில ஏறிடும்.

சத்தமாப் படிக்கக் கூச்சப்படற பசங்களுக்கு, தப்பைத் திருத்தாத ஒரு காது வேணும். 1999ல சால்ட் லேக் சிட்டியில பயிற்சி கொடுத்த நாய்களுக்கு குழந்தைகள் படிச்சுக் காட்டற திட்டம் ஆரம்பிச்சதே அதுக்குத்தான். நாய்க்கு வழி இல்லைன்னா நாலு வயசுக் குழந்தை போதும், இல்ல ஒரு பொம்மை. வட்டமா உக்கார வெச்சு ஆளுக்கு ஒரு பாரா படிக்கச் சொல்றதை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, எழுத்து தடுமாறற குழந்தைக்கு தன் முறை வர்ற வரைக்கும் கதையில ஒரு வரி கூட காதுல விழாது. அந்தக் குழந்தைக்கு ஆடியோவும் அச்சும் சேத்துக் கொடுங்க, கேட்டுக்கிட்டே விரல் வெச்சுப் பின்தொடரட்டும். பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கு டெய்சிங்கற டிஜிட்டல் ஒலி வடிவ நூல்கள் உண்டு, 2013ல வந்த மராகேஷ் ஒப்பந்தம் இப்படிப்பட்ட பிரதிகளைத் தயாரிக்கறதுக்கும் பகிர்ந்துக்கறதுக்கும் வழி திறந்து விட்டிருக்கு, கேட்டு வாங்கி வையுங்க.

பதிமூணு வயசுக்கு மேல

இவங்களுக்கு "குழந்தைகள் நிகழ்ச்சி"ங்கற பலகை கண்ணுல பட்டாலே திரும்பிப் போயிடுவாங்க. தனி மேசை, தனி நேரம், தனி பேரு. கூப்பிட்டு உக்கார வெச்சு எதையாவது சொல்லிக் கொடுக்கறதை விட்டுட்டு பொறுப்பு கொடுங்க: சின்னவங்களுக்கு வாசிப்புத் துணை, புதுப் புத்தகப் பட்டியல்ல எதை வாங்கலாம்னு ஓட்டு, படிச்சதுக்கு கீழ நாலு வரி எழுதி ஷெல்ஃப்ல தொங்க விடற சீட்டு. அந்தச் சீட்டுல "செம மொக்கை, ஆனா கடைசி முப்பது பக்கம் வேற லெவல்"னு எழுதினாலும் அப்படியே தொங்கட்டும், நாம எழுதற விமர்சனத்தைவிட அதைப் பாத்துத்தான் அவங்க ஃப்ரெண்டு எடுப்பா.

அமைதி வாசிப்பு வட்டம்னு ஒண்ணு வையுங்க, ஆளுக்கு ஒரு புத்தகம், ஒரு மணி நேரம் சேந்து உக்காந்து படிக்கறது, பேசணும்னு கட்டாயம் இல்ல. மாங்காங்கற ஜப்பான் காமிக்ஸ் படிக்கறவங்க வலமிருந்து இடம் படிக்கறதைப் பாத்து ஆச்சரியமா ஏதாவது கேளுங்க, பேச்சு தானா வரும். கவுண்டர்ல அவங்க எடுக்கற புத்தகத்தோட பேரை சத்தமாப் படிக்காதீங்க. உடம்பு, மனசு, காதல் பத்தின புத்தகங்களை கவுண்டர்ல இருந்து கண்ணு படாத மூலையில வையுங்க, தானியங்கி இயந்திரம் இருந்தா அதுலயே எடுத்துக்க விடுங்க.

கூட்டம் குறையும்போது

மூணாவது நாலாவது வாரத்துல குறையும், மனசு விட்டுடாதீங்க. வராத பசங்களோட பதிவுக் கார்டை எடுத்துப் பாத்து, பிடிக்கும்னு எழுதினதுக்கு ஏத்த ஒரு புத்தகத்தை எடுத்து வெச்சுட்டு வீட்டுக்கு ஒரு கால் பண்ணுங்க, "ராஜநாகம் பத்தி புதுசா ஒண்ணு வந்திருக்கு, அவனுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்"னு. நிகழ்ச்சிக்கு வாங்கன்னு பொதுவா அழைக்கறதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. வரவே வழி இல்லாத பசங்களுக்கு பெட்டியில முப்பது நாப்பது புத்தகம் போட்டு அவங்க இருக்கற இடத்துக்கே கொண்டு போங்க, விளையாடற மைதானம், ஆஸ்பத்திரி காத்திருப்பு அறை, எங்க வேணாலும். கொஞ்சம் தொலையும், அந்தக் கணக்கை முன்னாடியே பட்ஜெட்ல சேத்துடுங்க.

அறிக்கை எழுதறப்ப தலைகளை மட்டும் எண்ணாம, நிகழ்ச்சி நாள்ல எத்தனை புத்தகம் வெளிய போச்சு, ஒரே குழந்தை எத்தனை தடவை திரும்ப வந்துச்சு, வீட்ல படிச்சுக் காட்ட ஆள் இல்லைன்னு தனியா எடுத்து வெச்ச கார்டுகள்ல எத்தனை பேரு கடைசி வரைக்கும் வந்தாங்க, இந்த மூணையும் எழுதுங்க. மேலிடத்துல அடுத்த வருஷம் காசு கேக்கறதுக்கு இதுதான் கை கொடுக்கும்.

கடைசி வாரம் மெடல் கொடுத்து ஃபோட்டோ எடுத்து முடிச்சுடாதீங்க. ஸ்கூல் திறந்ததுக்கு அப்புறம் லைப்ரரி என்னைக்கு எத்தனை மணி வரைக்கும்னு ஒரு சின்னத் தாள்ல எழுதி அன்னைக்கு எடுத்துட்டுப் போற புத்தகத்துக்குள்ளயே வெச்சு அனுப்புங்க, திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி ஸ்கூல் திறந்து முதல் வாரத்துல விழற மாதிரி போடுங்க. கார்டுகளைத் தூக்கிப் போடாதீங்க, அந்தத் தேதியில யாரு வரலைன்னு பாக்கறதுக்கு அது வேணும்.